சப்போர்ட் வண்டி

ஆகஸ்ட் 18, சண்டிகர்

வண்டிகள் இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. ஈரோட்டில் லாரி பார்சலில் போட்டது, கீறல் இல்லை. பார்சலில் போடும்போது பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிக்கொள்ளச் சொல்வார்கள். என் மனைவி சாந்தாமணி தன் கண்ணாடிகளைப் பையிலிருந்து எடுத்து, குடோன் வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மாட்டிவிட்டாள். ஸ்பேனர் பிடிக்க எங்கே கற்றுக்கொண்டாளோ தெரியவில்லை. என் புல்லட்டுக்கும் மாட்ட வந்தாள். வேண்டாம் என்றேன். கண்ணாடி இல்லாமல் வண்டிக்கு ஒரு களை இருக்கிறது.

"போலீஸ் புடிச்சா?" என்றாள்.

"புடிச்சா நான் பேசிக்கறேன். எனக்கா இந்தி தெரியாது?"

என் கண்ணாடிகளைத் துண்டில் சுற்றித் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

இந்த டைரி மகன் நவநீதன் வாங்கிக் கொடுத்தது. "எழுதுங்கப்பா, மனசு லேசாகும்" என்றான். என் மனதில் பாரம் ஒன்றும் கிடையாது. முப்பது வருஷம் ரிக் லாரியோடு வடநாடு பூராவும் ஆழ்துளைக் கிணறு போட்டவன் நான். தினமும் எத்தனை அடி, என்ன பாறை, எங்கே தண்ணீர் என்று எழுதிப் பழகிய கை. திருச்செங்கோட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு ரிக் ஓனர் மேல்தான் விழ வேண்டும். அவர்களில் ஒருவனாக இருந்து, போன வருஷம் வண்டியை விற்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சாந்தாமணி எட்டு மாதமாக ஈரோட்டில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். மூட்டு வலிக்கு வைத்தியம். நல்ல வைத்தியமாகத்தான் இருக்க வேண்டும், மூட்டு வலி என்று போனவள் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு நிற்கிறாள். அங்கே ஒரு பெண்பிள்ளை வகுப்பு நடத்துகிறதாம். ஐம்பத்தோரு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்கலாம்தான். கேட்கவில்லை. பதிலாக நான்தான் இந்த யோசனையைச் சொன்னேன். ஸ்பிதி பக்கம் மலையெல்லாம் மொட்டைப் பாலைவனமாக, ஆறு அறுத்துப் போட்ட கிடுகிடு பள்ளமாக இருக்குமாம், அவசரமில்லாமல் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்து வரலாம் என்றேன். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சரி என்றாள். கூடவே ஒரு வார்த்தை போட்டாள்: "திருச்செங்கோட்டு வீட்டுக்கு வர்றதா வேண்டாமான்னு, போய்ட்டு வந்து சொல்றேனுங்க."

சொல்வதற்கு என்ன இருக்கிறது? அவள் வீடு அது. பெயிண்ட் கூட அடித்து வைத்திருக்கிறேன், அவளிடம் சொல்லவில்லை. வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

என் பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள், போட்டேன்.

ஆகஸ்ட் 19, நார்கண்டா

பூரா வழியும் மழை. ஆப்பிள் லாரிகள். என் ஸ்வெட்டர் நனைந்துவிட்டது, அவள் பையிலிருந்து இன்னொன்று வந்தது. அவள் பைக்குள் என்னதான் இல்லை?

ஆகஸ்ட் 20, ரிக்காங் பியோ

மலையில் இரண்டு வண்டி சேர்ந்து போவதற்கு ஒரு முறை இருக்கிறதாம். ஈரோட்டு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். முன்னால் போகிறவர் கண்ணாடியில் பின்வண்டியின் விளக்கு தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும், ரோடு பிரிகிற இடத்தில் எப்படியும் நிற்க வேண்டும், பின்னால் இருப்பவர் நிற்க நினைத்தால் இரண்டு ஹார்ன். காலையில் டீக்கடையில் இதை எனக்கு ஒப்பித்தாள். எனக்கு!

எங்கள் தொழிலில் இதற்கு ஒரே சட்டம்தான். ரிக் முன்னால் போகும். பைப்பும் டீசலும் அரிசி பருப்பும் ஏற்றிக்கொண்டு சப்போர்ட் வண்டி பின்னால் வரும். ரிக் நின்றால் சப்போர்ட் நிற்கும், சப்போர்ட் நின்றால் ரிக் நிற்காது. பஞ்சரானாலும் மாட்டிக்கொண்டு அதுதான் வந்து சேர வேண்டும். இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒரிசா முதல் ராஜஸ்தான் வரை போயிருக்கிறோம், ஒரு சப்போர்ட் வண்டியும் காணாமல் போனதில்லை.

இதை அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

"அப்ப நான் சப்போர்ட் வண்டிங்களா?"

"பின்ன? பெட்ரோல் கேன் உங்கிட்ட, டூல்ஸ் உங்கிட்ட, மருந்து உங்கிட்ட. நீயே பாரு."

"அதெல்லாம் எங்கிட்ட எப்புடிங்க வந்துச்சு?"

நல்ல கேள்வி. புல்லட்டில் மூட்டை கட்டினால் வளைவில் இழுக்கும், அதனால் அவள் வண்டியில் கட்டியிருக்கிறது. அவள்தான் மெதுவாக ஓட்டுகிறாள்.

அவள் மெதுவாக ஓட்டுவதைப் பற்றியும் எழுத வேண்டும். பத்து வளைவு போனால் ஒரு தடவை நிற்கிறாள். தண்ணீர் விழுகிறது, பாருங்கள். மேகம் இறங்குகிறது, பாருங்கள். இன்று நான் பியோவுக்கு வந்து, ரூம் போட்டு, குளித்து, பருப்பு சோறு சாப்பிட்டு முடித்த பிறகு வந்தாள். முகமெல்லாம் தூசி. "ஒரு இடத்துல ரோடு ரெண்டாப் பிரிஞ்சுது. எந்தப் பக்கம்னு தெரியாம நின்னுட்டேன்" என்றாள். கேட்டுக்கொண்டுதானே வந்திருக்கிறாள், என்ன போச்சு?

ஆகஸ்ட் 21, நாகோ

இன்று பச்சை முடிந்துபோனது. காப் என்கிற இடத்தில் இரண்டு ஆறு சேருகிறது, பாலம் தாண்டினால் வேறு உலகம். புல் பூண்டு இல்லை. இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறைச் சுவர், கீழே எட்டிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஆறு ஒரு நூலாகத் தெரிகிறது. நாங்கள் ஆயிரம் அடி போட ஹேமரும் பிட்டும் கம்ப்ரசரும் வைத்துக்கொண்டு ராப்பகலாக முக்குவோம். இங்கே தண்ணீர் ஒரு கருவியும் இல்லாமல் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. சுவரில் அடுக்கு அடுக்காகக் கல் தெரிகிறது. துளையிலிருந்து வருகிற தூளை நாங்கள் கைநிறைய அள்ளிப் பார்த்துக் கணக்குப் போடுகிற சமாச்சாரத்தை இங்கே குறுக்கே வெட்டிக் காட்டி வைத்திருக்கிறது.

இரண்டு படம் எடுத்துக்கொண்டேன். போகலாம் என்றேன். அவள் பாதை ஓரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். கிளம்புகிற ஆள் மாதிரியே இல்லை.

"பாத்தாச்சல்லோ?"

"இன்னும் பாக்கலைங்க. இப்பத்தான உக்காந்தேன்."

"இருட்டறதுக்குள்ள நாகோ போகணும்."

"பொழுது உச்சியில இருக்குதுங்க."

நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு நின்றேன். புல்லட் சத்தம் அந்தச் சுவர்களுக்கு நடுவில் பத்து வண்டிச் சத்தமாகக் கேட்டது. அவள் காதைப் பொத்திக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், பிறகு எழுந்துவிட்டாள். வண்டியில் ஏறும்போது, "அப்பா செத்தன்னிக்கும் இப்படித்தானுங்க, சத்தம் மட்டும் கேட்டுச்சு" என்றாள்.

அது வேறு கதை. என் மாமனார் இறந்த அன்று நான் பார்மேர் பக்கம் ஒரு பாலைவன சைட்டில் இருந்தேன். போன் வந்தபோது பாறையைத் துளைக்கிற பிட் கிணற்றுக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. ரிக் ஓடுகிற சத்தத்தில் அவள் அழுததுகூட எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சிக்கிய பிட்டை விட்டுவிட்டு வந்தால் வண்டியே போய்விடும். இதை அவளுக்கு எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது. காரியத்துக்கு வந்துவிட்டேன் அல்லவா? வராமலா இருந்தேன்?

ஆகஸ்ட் 22, நாகோ

ரோடு மூடியிருக்கிறது. ஊரைத் தாண்டிப் போகிற ஓடையில் கல் சரிந்துகொண்டே இருக்கிறதாம், மதியத்துக்கு மேல்தான் தெரியும் என்றார்கள். மதியம் கேட்டால் நாளைக்கு என்றார்கள். ஒரு நாள் பாழ்.

சாந்தாமணிக்கு மட்டும் தீபாவளி. காலையில் ஏரிக்கரைக்குப் போனவள் சாப்பாட்டுக்குத்தான் வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. இவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்தது.

ஹோட்டலில் ஒரு மலையாளிப் பையன் தங்கியிருக்கிறான். பிஜோய் என்று பெயர், திருச்சூர்க்காரன், கோயம்புத்தூரில் படித்ததால் தமிழ் பேசுகிறான். தனியாகச் சுற்றுகிறான். சாந்தா வண்டியும் அவன் வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், நிறம்தான் வேறு. இரண்டு பேரும் வண்டியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு செயின் தளர்ச்சியைப் பற்றிப் பேசினார்கள்.

"சேட்டா, உங்க வண்டிக்குக் கண்ணாடி எங்கே?" என்று என்னைக் கேட்டான்.

"எனக்குச் சத்தமே போதும் தம்பி. நாலு ரிக் ஒரே காட்டுல ஓடினாலும் எது எவனோடதுன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். பின்னால இவ வர்றாளா இல்லையான்னு எனக்குக் காதே சொல்லிரும்."

பிஜோய் சாந்தாவைப் பார்த்தான். சாந்தா செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

பொழுதோடு ஏரிக்கரைக்கு என்னையும் கூப்பிட்டாள். போனேன். தண்ணீரில் மலை தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. இந்த ஊர் உயரத்தில் போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 23, தாபோ

ரோடு திறந்துவிட்டார்கள். ஓடையில் இறங்கி ஏறும்போது நானே இரண்டு தடவை காலைக் கீழே ஊன்றினேன். அக்கரை போய் நின்று பார்த்தேன். அவள் நின்று, கல் எங்கே தண்ணீர் எங்கே என்று பார்த்து, எழுந்து நின்றபடி ஓட்டி, காலைக் கீழே வைக்காமல் வந்து சேர்ந்தாள். அக்கரையில் நின்ற ரோட்டு வேலைக்காரர்கள் கை தட்டினார்கள். "பரவால்லியே" என்றேன். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள், வேறு ஏதோ வரும் என்று பார்ப்பவள் மாதிரி. நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

இங்கே ஒரு வீட்டில் தங்கியிருக்கிறோம். வீட்டுக்காரப் பெண் யாங்சென். சாந்தாவுக்கு இந்தி பத்து வார்த்தைதான் தெரியும், யாங்செனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சமையலறையில் இரண்டு பேருக்கும் பேச்சு ஓயவில்லை. யாங்செனின் அக்கா முத் என்கிற ஊரில் இருக்கிறாளாம். நாளை நாங்கள் காஸா போகிற வழியில் இடது கைப் பக்கம் ஒரு பாலம் பிரியும், அதைத் தாண்டி அந்தப் பள்ளத்தாக்கில் போனால் கடைசி ஊர். ரோடு அங்கே முடிந்துவிடுகிறது. இப்போது பச்சைப் பட்டாணி பறிக்கிற சமயமாம், வேலைக்கு ஆள் போதவில்லையாம்.

சாப்பிடும்போது சாந்தா ஆரம்பித்தாள்.

"நாம அந்த முத்துக்குப் போயி ஒரு வாரம் இருக்கலாமுங்களா?"

"ஒரு வாரமா? அங்க என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. பட்டாணி பறிக்கலாம். அந்தப் பள்ளத்தாக்கைச் சும்மா நடந்து பாக்கலாம். சாவகாசமாப் பாக்கலாம்னுதான கூட்டிட்டு வந்தீங்க?"

"ரோடு முடிஞ்சு போற ஊருல ஒரு வாரம் என்ன பண்றது சாந்தா? காஸாவுல ரூம் சொல்லியாச்சு. அப்பறம் குன்சும் பாஸ், சந்திரதால் ஏரி, மணாலி. எல்லாத்தையும் பாக்க வேண்டாமா? முத்துக்கு அடுத்த தடவை போலாம்."

"அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

"ஏன் இல்லாம?"

யாங்செனுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் ஏதோ புரிந்திருக்கிறது, என் தட்டில் சோறு போட மறந்துவிட்டாள். உயரமான இடம், காற்றில் சத்து குறைவு, சாந்தாவுக்குக் களைப்பு. காஸா போனால் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 24, காஸா

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மாத்திரையை வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கொடுக்காமல், இரண்டு அட்டைகளையும் என் சட்டைப் பையில் வைத்தாள். "இது காலைக்கு, இது ராத்திரிக்கு. இனிமே நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். பையில் இடமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கிளம்பும் முன், "கண்ணாடிய மாட்டிரலாமுங்களா? அஞ்சு நிமிசம்தான்" என்று கேட்டாள். இது மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ. "நீ வர்றது எனக்குக் கேக்குது சாந்தா, நீ பாட்டுக்கு வா" என்றேன்.

நல்ல ரோடு, நல்ல வெயில். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் மண்ணும் கல்லும் கலந்த சுவர், மழையும் காற்றும் அரித்துக் கோபுரம் கோபுரமாக நிற்கிறது. அவள் வண்டிச் சத்தம் பின்னால் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பாலம் பிரிகிற இடம் வந்தது, நிற்காமல் நேராகப் போனேன். அந்த இடத்தில் ஹார்ன் சத்தம் கேட்ட மாதிரித்தான் இருந்தது. மலை ரோட்டில் எவன் எவனோ ஹார்ன் அடிப்பான். அப்புறம் கொஞ்ச தூரம் சத்தம் இல்லை, பிறகு மறுபடி பின்னால் வந்தது. பாருங்கள், வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காஸாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. கீழே பள்ளத்தாக்கு முழுக்க விரிந்து கிடக்கிறது. ஆறு பத்து கிளையாகப் பிரிந்து சேர்ந்து போகிறது. அவளுக்கு இந்த மாதிரி இடம்தானே பிடிக்கும் என்று நானாகவே நிறுத்தினேன். இறங்கி, ஓரக் கல்லில் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் வண்டி வந்து நின்றது. ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்டது.

நான் ஆற்றைப் பார்த்தபடியே பேசினேன். முகத்தைப் பார்த்து இதெல்லாம் எனக்குப் பேச வராது.

"சரி சாந்தா, உனக்காகத்தான் நிறுத்தியிருக்கறேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு. ஒண்ணும் அவசரமில்ல. உங்கிட்டச் சொல்லல, வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு. சமையக்கட்டுக்கு நீ கேட்ட பச்சைதான். மேல ரூமுக்கு சன்னல் வேணும்னியே, சுவத்த ஒடச்சு அதையும் வெச்சாச்சு. அங்கிருந்து பாத்தா மலை தெரியுது. நீ இல்லாம அந்த வீட்டுல எனக்கு இருக்க முடியல. வந்துரு."

பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"சேட்டா," என்றது ஒரு குரல், "நான் பிஜோய்."

திரும்பினேன். பிஜோய் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இந்த மலையில் ஒரு பள்ளம் குறைந்தா போயிற்று, அதில் நான் விழுந்திருக்கலாம்.

"சேச்சி அந்தப் பாலத்துக்கிட்ட நின்னாங்க. ரெண்டு ரெண்டா ஹார்ன் அடிச்சாங்க. நான் அப்போதான் அங்க வந்தேன். ஏதாவது பிரச்சினையான்னு கேட்டேன், இல்லே, நீங்க போங்கன்னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதான் நீங்க போறீங்கன்னு நினைச்சேன்."

"பஞ்சராயிருக்கும்" என்றேன்.

"பஞ்சர் இல்லே சேட்டா" என்றான். நல்ல பையன், வேறு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

திரும்பிப் போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்ட ஒரு டீக்கடை. சாந்தா இல்லை, வண்டியும் இல்லை. கடைக்காரன் என் வண்டியைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான். கண்ணாடி இல்லாத புல்லட்டில் ஒருவர் வருவார் என்று சொல்லியிருக்கிறாள். உள்ளே பெஞ்சு மேல் எல்லாம் அடுக்கி வைத்திருந்தது. பெட்ரோல் கேன். டூல்ஸ் பை. டியூப்கள். என் ஸ்வெட்டர்கள், மடித்து. மருந்து டப்பா. துண்டில் சுற்றிய இரண்டு கண்ணாடிகள்.

மேடம் எவ்வளவு நேரம் இருந்தார் என்று கேட்டேன். ரெண்டு டீ சொன்னார் என்றான். ஒன்றைக் குடித்தாராம். இன்னொன்றை எதிரில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அது ஆறின பிறகு அதையும் அவரே குடித்துவிட்டு, இந்தச் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, பாலத்தைத் தாண்டிப் போனாராம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோடு பள்ளத்தாக்குக்குள் திரும்பி மறைகிறது. பார்த்துக்கொண்டு நின்றேன். உடனே போயிருக்கலாம். ஆனால் காஸாவில் ரூம் சொல்லியாகிவிட்டது. தவிர, போனால் நான் தேடிக்கொண்டு போன மாதிரி ஆகும். கோபம் தணிந்தால் அவளே வருவாள். எந்தச் சப்போர்ட் வண்டி வராமல் இருந்திருக்கிறது?

சாமான்களை என் வண்டியில் கட்டினேன். வளைவில் இழுக்கத்தான் செய்கிறது.

பொழுது சாய்கிறவரை ஹோட்டல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ வண்டி வந்தது. காது சரியாகச் சொல்லவில்லை, ஒவ்வொன்றுக்கும் எழுந்து பார்க்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 25, முத்

தேடிக்கொண்டு வரவில்லை. காஸாவில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கையும் பார்த்துவிடலாம் என்று வந்தேன்.

பாறையெல்லாம் ஊதா, சிவப்பு, கரும்பச்சை. மாவு பிசைந்து மடித்த மாதிரி அடுக்குகள் வளைந்து கிடக்கின்றன. முப்பது வருஷம் பாறை பார்த்தவன், இப்படிப் பார்த்ததில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

ரோடு முடிகிற இடத்தில் பட்டாணிக் காடு. தலையில் துணி கட்டிக்கொண்டு குனிந்திருந்த நான்கைந்து பெண்களில் அவளை அடையாளம் தெரியவில்லை. அவள்தான் என்னை முதலில் பார்த்தாள். நிமிர்ந்தாள், வரப்புக்கு வந்தாள்.

"மாத்தர போட்டீங்களா?"

"போட்டேன்" என்றேன். போடவில்லை.

"டீ குடிக்கறீங்களா?"

"டீ குடிக்கவா இத்தன தூரம் வந்தேன்? கிளம்பு சாந்தா. நேத்து நடந்தத நான் பெருசு பண்ணல. மணாலிக்குப் போலாம், இல்லாட்டி இங்கயே ரெண்டு நாள் இருந்துட்டுக்கூடப் போலாம்."

"நீங்க போங்க. நான் பறிப்பு முடியற வரைக்கும் இருக்கறேன். பொறகு ஈரோட்டுக்குத்தான் போறேன். அக்கா ஊட்டுக்குப் பக்கத்துலயே ஒரு ஊடு பாத்து வெச்சிருக்கறேன்."

"ஊருக்குப் போயித்தான சொல்றேன்னு சொன்ன?"

"அந்தப் பாலத்துலயே தெரிஞ்சு போச்சுங்களே. ஊரு வரைக்கும் எதுக்கு?"

"ஒரு பாலத்துல நிக்காததுக்கா? காத்துல எனக்கு ஹார்ன் கேக்கல."

என் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். நான் பார்வையைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஒரு பாலமில்லீங்க" என்றாள். குரல் உயரவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நவநீதன் பொறந்தப்ப, அவனுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப, எங்கப்பன் செத்தப்ப, ஒவ்வொருக்காலும் ரோடு பிரியற எடத்துல நாந்தான் எந்தப் பக்கம்னு தெரியாம நின்னேன். நீங்க வேலையா இருந்தீங்க. சரி, வேலைதான்னு இருந்துட்டேன். இப்ப ரிக்க வித்தாச்சு, வேலை இல்ல. இப்பவாச்சும் ஒரு எடத்துல நின்னு, இவ வர்றாளான்னு பாப்பீங்களான்னுதானுங்க வண்டி பழகிட்டு வந்தேன்."

"ஊட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்குது" என்றேன். பிஜோயிடம் அவ்வளவு நன்றாகச் சொன்னது, அவளிடம் இவ்வளவுதான் வந்தது.

"நல்லதுங்க" என்றாள். "சுவத்துக்கு நல்லது."

"சப்போர்ட் இல்லாம ரிக் எங்க சாந்தா போகும்?"

அவளுக்கு இப்போது கண் கலங்கியது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது, எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. அவள் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சப்போர்ட் நின்னா ரிக் நிக்காதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நான் நின்னுட்டேன். நீங்க போங்க. கோளாறாப் பாத்துப் போங்க, ஓடையில தண்ணி மத்தியானத்துக்கு மேல சாஸ்தி ஆயிரும்."

மடியிலிருந்த பட்டாணியை அள்ளிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன், வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. காட்டுக்குள் போய் மறுபடி குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குள் என்னவோ சிரிப்பு. என்னைப் பற்றி இருக்காது. இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆகஸ்ட் 26, காஸா

மாத்திரை போட்டேன். குன்சும் பாஸ், சந்திரதால் எல்லாம் போகவில்லை. பார்த்து யாரிடம் சொல்வது?

ஆகஸ்ட் 27, நாகோ

வந்த வழியே திரும்புகிறேன். பாலத்தில் டீ குடித்தேன். கடைக்காரன் ஒன்றா இரண்டா என்று கேட்டான். அவனுக்கு இந்தக் கிண்டல் தேவையா? கிண்டலாகக் கேட்கவில்லை என்பது குடித்து முடித்த பிறகுதான் தோன்றியது.

நவநீதன் போன் பண்ணினான். "அம்மா சொன்னாங்கப்பா" என்றான். எப்போது சொன்னாள் என்று கேட்டேன். "நீங்க பத்திரமா வாங்கப்பா" என்றான். பயலுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. டைரி எதற்கு வாங்கிக் கொடுத்தான் என்பது இப்போது விளங்குகிறது.

ஊரில் கேட்பார்கள். மூட்டு வலிக்கு மலைக்காற்று நல்லதாம், கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவாள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 28, ரிக்காங் பியோ

காலையில் கிளம்பும் முன் கண்ணாடிகளை மாட்டினேன். கீழே இறங்க இறங்க லாரிகள் அதிகம், அதற்காகத்தான். அஞ்சு நிமிசம்தான் என்றாள், எனக்கு அரை மணி ஆயிற்று. துண்டைப் பிரித்தால் அவள் வீட்டில் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் வாசனை.

காப் பாலத்துக்கு முன்னால், அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்த அதே கல் பக்கம் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். அணைத்த பிறகுதான் கீழே ஆறு சத்தம் போடுவது கேட்டது. போகும்போது இந்த ஆற்றுக்குச் சத்தம் இருந்ததே எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வா என்று கூப்பிட யாரும் இல்லை.

மறுபடி கிளம்பி, ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மலைச் சுவர் தெரிந்தது, நான் கிளப்பிய தூசி தெரிந்தது, தூசி அடங்கினால் ரோடு தெரிந்தது. ரோடு பிரிகிற ஓர் இடத்தில் நின்றுகூடப் பார்த்தேன். லாரி ஏதாவது வருகிறதா என்று. ஒன்றும் வரவில்லை.